சுண்ணாம்பில் வெந்த சோளம்

ரூபன் மலேசியாவில், ஈப்போவை அடுத்த மெங்லெம்புவில் நொறுக்குத்தீனி மொத்த வியாபாரம் செய்யும் ஒரு சீன முதலாளியிடம் வேன் ஓட்டுகிறான். காலையில் பெட்டிகளை ஏற்றிக்கொண்டு கிளம்பினால் ஒரு நாள் கோலா கங்சார் பக்கம், இன்னொரு நாள் தெற்கே சுங்காய் வரை. முறுக்கு, கச்சான் கடலை, அப்பளம் போலப் பொரித்த மீன் கெரோப்போ, உருளைக்கிழங்கு சிப்ஸ் என்று மளிகைக் கடைக் கம்பிகளில் தொங்குகிற பாதிப் பாக்கெட்டுகள் அவன் கை பட்டுப் போனவைதான். அவற்றில் எதன் மீதும் அவனுக்கு ஆசை கிடையாது. நாள் முழுக்க அந்த எண்ணெய் வாடையிலேயே கிடப்பவனுக்கு வீட்டுக்குப் போனால் ரசமும் சோறும் போதும். ஆனால் அந்த வேனில் வந்த ஒரு பாக்கெட்தான் அவன் தங்கை ஷாமினியை ஏழு வருடம் உயிரோடு வைத்திருந்தது.

ஷாமினிக்கு இப்போது முப்பது வயதை நெருங்குகிறது. அவள் பேச மாட்டாள். அண்ணனும் தங்கையும் சுங்காய்க்கு உள்ளே ஒரு ரப்பர் தோட்டத்து லயத்தில் பிறந்தவர்கள். அப்பா பிச்சைமுத்து பால் மரம் வெட்டி ரப்பர்ப் பால் எடுத்தவர். மகளுக்குப் பேச்சு வராது என்பது உறுதியாகத் தெரிவதற்கு முன்பே இறந்துபோனார். தோட்டத்தை விற்று, ரப்பரை அழித்து எண்ணெய்ச் செம்பனை போட்டபோது, அம்மா நவமணி பிள்ளைகள் இருவரையும் கூட்டிக்கொண்டு ஈப்போ பக்கம் லகாட்டில் ஒரு மலிவுவிலை வீட்டுக்கு வந்தாள். அங்கே வந்த பிறகுதான் கிளினிக்கில் அதற்கு ஆட்டிசம் என்று பெயர் சொன்னார்கள். பெயர் தெரிந்ததால் வீட்டில் எதுவும் மாறவில்லை. மகள் எந்தத் தட்டில் சாப்பிடுவாள், எந்தச் சத்தத்துக்குக் காதைப் பொத்துவாள், எப்போது கதவைத் திறந்துகொண்டு ஓடுவாள் என்பதெல்லாம் நவமணிக்கு முன்பே தெரியும். அவள் சாப்பிடுவது மோர் விட்ட சோறு, அவித்த உருளைக்கிழங்கு, குடிக்க மைலோ. அதுவும் அம்மா கையால் கொடுத்தால்தான்.

ஒரு நாள் காலையில் நவமணி குளியலறையில் விழுந்தாள். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்ச் சேர்ப்பதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. காரியம் நடந்துகொண்டிருந்த வீட்டில் ஷாமினி ஒரு மூலையில் உட்கார்ந்து வாயை இறுக்க மூடிக்கொண்டாள். ரூபன் மோர்ச் சோறு பிசைந்து கொடுத்தான். அவள் தட்டித் தள்ளினாள். அம்மா போலத் தெரியட்டும் என்று அம்மாவின் சேலையைக் கட்டிக்கொண்டு ஊட்டப் போன பக்கத்து வீட்டு அக்காவையும் தள்ளினாள். அந்த வாரம் அவள் உயிர் ஓடியது சீனித் தண்ணீரில்.

பிறகு ஒரு நாள் சாயங்காலம், கடைக்காரர் வேண்டாம் என்று திருப்பிவிட்ட ஒரு கிழிந்த பாக்கெட்டை ரூபன் வீட்டு மேசையில் வைத்திருந்தான். வெளிநாட்டுச் சரக்கு, மஞ்சள் பாக்கெட். டோர்ட்டியா சிப்ஸ் என்று போட்டிருக்கும்; கடைகளில் எல்லோரும் சோளச் சிப்ஸ் என்பார்கள். உப்பைத் தவிர வேறு தூள் எதுவும் தூவாத முக்கோணங்கள். ஷாமினி எழுந்து வந்து ஒன்றை எடுத்தாள். ஓரத்தைப் பிடித்துக் காதருகில் கொண்டுபோய் உடைத்தாள். சற்று நேரம் அப்படியே நின்றாள். பிறகு சிரித்தாள். அம்மா போனதிலிருந்து அந்த வீட்டில் கேட்ட முதல் சிரிப்பு அது. உடைந்த துண்டை வாயில் போட்டு, கண்ணை மூடி, மெதுவாக மென்றாள்.

அன்றிலிருந்து அதுதான் அவளுக்குச் சாப்பாடு. தட்டு நிறைய முக்கோணம். ஒவ்வொன்றையும் உடைத்துக் கேட்டுத் தின்று முடித்தபின் ஒரு கோப்பை மைலோ. முதலில் சிப்ஸ், அப்புறம்தான் மைலோ. மாற்றிக் கொடுத்தால் கோப்பை பறக்கும். கிளினிக்கில் அந்த மைலோவில் கலக்கச் சத்து மாவு கொடுத்தார்கள். கொஞ்சம் கொஞ்சமாக உடம்பு தேறியது. ரூபன் தினேஸ்வரியைக் கல்யாணம் செய்தபோது பெண் பார்க்கப் போன இடத்திலேயே எல்லாவற்றையும் சொல்லிவிட்டான். தினேஸ்வரி கையுறை தொழிற்சாலையில் வேலை செய்கிறவள். யோசித்துவிட்டு அவள் ஒன்றுதான் கேட்டாள். "அந்தச் சிப்ஸு எப்பவும் கெடைக்கும்லா?"

"நான்தானே கொண்டாறேன். எப்படிக் கெடைக்காம போவும்?" என்றான் ரூபன்.

போன வருடம் சீனப் பெருநாள் முடிந்த கையோடு முதலாளி அவனைக் கூப்பிட்டு, மஞ்சள் பாக்கெட் இனி வராது என்றார். கோலாலம்பூரில் அதை இறக்குமதி செய்த ஏஜெண்டு அந்த வியாபாரத்தையே விட்டுவிட்டார். "சூடா தாக் அடாலா, ரூபன்," என்று கையை விரித்தார் முதலாளி. இனிமேல் இல்லை என்பதை மலாயிலும் சொல்லி, அவன் முகத்தைப் பார்த்துவிட்டுத் தமிழிலும் சொன்னார். கிடங்கில் மிச்சம் இருந்த பெட்டிகளை ரூபனையே எடுத்துக்கொள்ளச் சொன்னார். அவருக்கு ஷாமினியைத் தெரியும்.

ரூபன் அதைத் தினேஸ்வரியிடம் உடனே சொல்லவில்லை. தேடிப் பிடித்துவிடலாம் என்று நினைத்தான். தான் சரக்குப் போட்ட கடைகள்தானே. கோலா கங்சாரில் ஆற்றங்கரைக் கடைகளில் கேட்டான். சுங்காயில் செம்பனைத் தோட்டத்து வாசலில் இருக்கும் சின்னக் கடைகளில் கேட்டான். பெட்ரோல் நிலையங்களில் நிறுத்தி உள்ளே ஓடி அலமாரிகளைப் பார்த்துவிட்டு ஓடி வந்தான். ஈப்போவில் பேரங்காடி விடாமல் ஏறி இறங்கினான். சில இடங்களில் தூசி படிந்த ஒன்றிரண்டு பாக்கெட் அகப்பட்டது. சரக்குப் போட வருகிறவனே சரக்கைத் திருப்பி வாங்கிப் போவதைப் பார்த்துக் கடைக்காரர்கள் சிரித்தார்கள். ரூபனும் சிரித்துவைத்தான். வேனில் ஏறிய பிறகு, இருப்பது இன்னும் எத்தனை நாளைக்கு வரும் என்று எண்ணிப் பார்ப்பான்.

பழைய பாக்கெட்டுகளில் பாதி சிக்கு வாடை அடித்தது. ஷாமினி ஒரு கடி கடித்துத் துப்பினாள். வேறு கம்பெனிச் சிப்ஸ் வாங்கிப் பழைய மஞ்சள் பாக்கெட்டுக்குள் கொட்டிக் கொடுத்துப் பார்த்தான். அவள் ஒன்றைக் காதருகில் உடைத்தாள். முகம் சுருங்கியது. தட்டோடு தூக்கி எறிந்தாள். இன்னொரு கம்பெனி, அதற்கப்புறம் இன்னொன்று. தடிப்பாக இருந்தது ஒன்று, பாலாடைக்கட்டித் தூள் ஒட்டியது ஒன்று, வட்டமாக இருந்தது ஒன்று. எல்லாம் தரையில் கிடந்தன.

நல்ல பாக்கெட் தீர்ந்துபோன அன்று தினேஸ்வரி வேலை முடிந்து வந்தபோது, ரூபன் தரையில் உட்கார்ந்து நொறுங்கிய சிப்ஸைக் கூட்டிக்கொண்டிருந்தான். ஷாமினி சுவரைப் பார்த்தபடி முன்னும் பின்னும் ஆடிக்கொண்டிருந்தாள்.

"எத்தன நாளா எங்கிட்ட மறைக்கிறீங்க?" என்று கேட்டாள் தினேஸ்வரி.

"கெடைச்சிரும்னு நெனச்சேன்."

"நான் இந்த வீட்டு ஆளு இல்லியா? எங்க ஃபேக்டரில எத்தன ஊருக்காரங்க வேல செய்றாங்க, கேட்டிருக்க மாட்டேனா?"

அவளும் கேட்டாள். பினாங்கில் இருந்தவர்கள், சிங்கப்பூரில் அண்ணன் தம்பி இருந்தவர்கள் என எல்லோரிடமும் விசாரித்தாள். அந்த மஞ்சள் பாக்கெட் எங்கும் இல்லை. அதற்குள் ஷாமினி மைலோவையும் நிறுத்தியிருந்தாள். சிப்ஸ் இல்லாமல் அவளுக்கு மைலோ கிடையாது. அவளுடைய ஒழுங்கில் அதற்கு இடமே இல்லை. முதலில் கோபமாக இருந்தவள் பிறகு சோர்ந்தாள். ஆடுவதையும் விட்டுவிட்டாள். உதடு வெடித்திருந்தது. ஒரு காலையில் ரூபன் எழுப்பியபோது அவளால் நிற்க முடியவில்லை. அவளைத் தூக்கி வேனில் படுக்கவைத்தான். தூக்கியபோது கையில் கனமே தெரியவில்லை.

பெரிய ஆஸ்பத்திரியில் டாக்டர் சுபாஷினி பார்த்தார். யாழ்ப்பாணத்து வழி வந்த குடும்பத்துப் பெண், அதட்டாமல் பேசுவார். முதலில் கையில் ஊசி வழியாகத் தண்ணீர் ஏற்றினார்கள். அதற்குப் பிறகு மூக்கு வழியாக வயிற்றுக்குக் குழாய் போட்டார்கள். விழித்ததும் ஷாமினி அதைப் பிடுங்கி எறிந்தாள். மறுபடி போட்டார்கள், மறுபடி பிடுங்கினாள். மூக்கில் ரத்தம் வந்தது. மூன்றாவது முறை, அவள் கைகளுக்குப் பஞ்சு வைத்த உறை மாட்டிக் கட்டிலோடு துணியால் கட்டினார்கள்.

"எனக்கும் இது புடிக்கல, ரூபன்," என்றார் டாக்டர். "ஆனா இப்ப வேற வழி இல்ல. இந்தக் குழாயிலேயே ரொம்ப நாள் வச்சிருக்கவும் முடியாது. கடைசியில வயித்துல ஓட்ட போட்டு நேரா சாப்பாடு விடுற ஆப்பரேசன் பத்தி நாம பேச வேண்டி வரும்."

"அதையும் பிடுங்குவா, டாக்டர்."

டாக்டர் கட்டுத் துணி இறுக்கமாக இல்லையே என்று விரலை விட்டுப் பார்த்தார்.

ஷாமினி கத்தவில்லை. கட்டிய கைகளை ஆட்டிப் பார்த்துவிட்டு ரூபனையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் யாரையும் நேராகப் பார்க்கிறவள் அல்ல. அந்தப் பார்வையைத் தாங்க முடியாமல் ரூபன் வார்டை விட்டு வெளியேறினான். கார் நிறுத்துமிடத்தில் வேனுக்குள் உட்கார்ந்திருந்த அவனைத் தேடித் தினேஸ்வரி வந்து ஏறினாள்.

"அம்மா போறப்பவே இவளையும் கூட்டிட்டுப் போயிருக்கலாம்," என்றான் அவன்.

தினேஸ்வரி இறங்கினாள். கதவை அடித்துச் சாத்தினாள். கொளுத்துகிற வெயிலில் கொஞ்ச நேரம் அவனுக்கு முதுகு காட்டி நின்றாள். பிறகு திரும்ப ஏறி உட்கார்ந்தாள். கண் சிவந்திருந்தது.

"இன்னொரு தடவ இந்தப் பேச்சுப் பேசுனீங்கன்னா, நான் அவளக் கூட்டிக்கிட்டு எங்கம்மா வீட்டுக்குப் போயிருவேன். சொல்லிட்டேன்."

ரூபன் தலையைக் குனிந்துகொண்டான்.

"அந்தச் சிப்ஸ யாரோ மனுசன்தானே செஞ்சான்?" என்றாள் அவள். "வானத்துல இருந்தா விழுந்திச்சு? நாமளே செய்வோம்."

"எப்படிலா? எனக்கு ஒரு எழவும் தெரியாது."

"எனக்கும்தான் தெரியாது. தெரிஞ்சவங்களக் கேக்கணும்."

இந்த மாதிரிச் சமையல் அறிந்தவராக ரூபனுக்குத் தெரிந்த ஒரே ஆள் சதாசிவம். ஈப்போ பழைய பட்டணத்தில் வெள்ளைக்காரச் சாப்பாடு விற்கும் ஒரு காபிக் கடையில் சமையல்காரர். சிங்கப்பூரில் மெக்சிக்கோ சாப்பாட்டுக் கடையொன்றில் சில காலம் இருந்தவர். அந்தக் காபிக் கடைக்கு ரூபன் சரக்குப் போடுகிறவன். விஷயத்தைக் கேட்டதும் சதாசிவம் அடுப்பைச் சிறிதாக்கிவிட்டு வந்தார்.

"இது கெரோப்போ மாதிரி மாவ நேரா எண்ணெயில போடுறது இல்ல தம்பி. மொதல்ல ரொட்டி. நம்ம சப்பாத்தி மாதிரி, ஆனா மக்காச்சோளத்துல தட்டுனது. அந்த ஊருல மூணு வேளையும் அதான். மிஞ்சிப் போச்சுன்னா காஞ்சிரும்ல? அத வெட்டிப் பொரிப்பாங்க. அதான் ஆரம்பம்."

"அப்ப இந்தப் பாக்கெட்டு?"

"அது அமெரிக்காவுல. கலிபோர்னியா பக்கம் மெக்சிக்கோ ஆளுங்க ரொட்டிக்கு மிசின் வச்சாங்க. மிசின்ல கோணலா, கிழிஞ்சு விழுந்தத யாரு வாங்குவா? தூக்கிப் போட மனசு வரல. முக்கோணமா வெட்டிப் பொரிச்சுப் பையில போட்டு வித்தாங்க. ரொட்டிய விட அது ஓடிருச்சு. சிங்கப்பூர்ல எங்க செஃப் சொல்வாரு."

"மாவு?"

"அதுதான் எனக்குத் தெரியாது. எங்களுக்கு மாவு மூட்டையில வந்திரும். ஆனா அதுக்கு ஒரு வாசம் உண்டு தம்பி. நம்ம ஊரு சோள மாவுல அது இல்ல."

அவர் சொன்னது சரிதான். லகாட் சாலையில் இந்தியக் கடையில் மக்காச்சோள மாவு வாங்கி வந்து தினேஸ்வரி பிசைந்தாள். மாவு ஒட்டவே இல்லை. தட்டினால் விரிசல் விட்டது. கல்லில் போட்டால் உதிர்ந்தது. கோதுமை மாவு சேர்த்துத் தட்டிப் பொரித்தால் அது வெறும் பொரித்த சப்பாத்தி. அடுப்படி முழுக்க மஞ்சள் மாவும் எண்ணெயும் படிந்தன. தினமும் ஒருவர் ஆஸ்பத்திரியில் இருக்க, மற்றவர் மாவோடு மல்லுக்கட்டினார். ரூபன் வேலைக்கு விடுப்புச் சொல்லிச் சொல்லி, முதலாளி அவன் வழிக்கு வேறொரு ஆளைப் போட்டுவிட்டார். அதைக் கேட்டுக் கவலைப்படவும் அவனுக்குத் தெம்பில்லை.

வார்டுக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்து அவன் கைப்பேசியில் மெக்சிக்கோக் கிராமத்துக் காணொளிகளைப் பார்ப்பான். பாஷை புரியாது. ஒன்றில் ஒரு பெண் கொதிக்கும் பானையில் சோளத்தைக் கொட்டி, வெள்ளையாக எதையோ தண்ணீரில் கரைத்து ஊற்றினாள். உடனே சோளம் பளிச்சென்று மஞ்சளேறியது. ரூபன் திரும்பத் திரும்ப ஓடவிட்டுப் பார்த்தான். வெற்றிலைக்குத் தடவுகிற அம்மாவின் விரல் நினைவுக்கு வந்தது. அது சுண்ணாம்பு.

தினேஸ்வரி பயந்தாள். "சுண்ணாம்பா? ஏற்கெனவே காஞ்சு போன வயிறுங்க. வெந்து போயிராது?"

டாக்டர் சுபாஷினியிடமே கேட்டார்கள். அவர் சிரிக்கவில்லை. தேடிப் படித்துவிட்டு மறுநாள் வந்து சொன்னார். "நெசம்தான். ஆயிரக்கணக்கான வருசமா அப்படித்தான் செய்றாங்க. சுண்ணாம்புல வெந்தாத்தான் தோல் கழலும், மாவு ஒட்டும், சோளத்துல இருக்கிற சத்தும் ஒடம்புல சேரும். ஆனா வெத்தலக் கடை சுண்ணாம்பு வேணாம். பேக்கரிச் சாமான் கடையில சாப்பாட்டுக்கு உள்ளது விப்பாங்க, கொஞ்சமாப் போடுங்க. ஊறின பெறகு நல்லாக் கழுவணும். கோழித் தீவனச் சோளம் வாங்கிறாதீங்க, அதுல மருந்து இருக்கும்."

காய்ந்த சோளம் கடைசியில் ஈப்போவில் ஒரு பஞ்சாபிக் கடையில் கிடைத்தது. சுண்ணாம்புத் தண்ணீரில் அது கொதித்தபோது ரூபன் அடுப்படி வாசலில் நின்றான். முதலில் சாதாரணச் சோள வாடை. கொஞ்ச நேரத்தில் அது மாறியது. ஈர மண்ணும் வறுத்த தானியமும் கலந்தது போல, லேசாகச் சுவர் பூசிய வீட்டின் வாடை போல. மஞ்சள் பாக்கெட்டைக் கிழித்ததும் எழும்புகிற வாசம் அதுதான். "தினே, இதான்! இதான்லா!" என்று கத்தினான். வாசம் வந்துவிட்டதே தவிர, சிப்ஸ் வந்துவிடவில்லை.

ஊறிய சோளத்தைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவித் தோலைப் போக்கினார்கள். தோசைக்கு அரைக்கும் கிரைண்டரில் போட்டால் தண்ணீர் கேட்டது. தண்ணீர் விட்டால் மாவு தளர்ந்தது. இரண்டு பிளாஸ்டிக் தாளுக்கு நடுவில் உருண்டையை வைத்துக் குக்கரால் அழுத்தித் தட்டினார்கள். தோசைக்கல்லில் சுட்டு, சூட்டோடு வெட்டிப் பொரித்தால் எண்ணெயைக் குடித்துவிட்டு உப்பி நின்றது. கடித்தால் ஜவ்வு. சதாசிவம் ஓய்வு நேரத்தில் மோட்டார் சைக்கிளில் வந்து பார்த்து, "பழைய ரொட்டின்னு சொன்னேன்ல? ஆற வச்சுக் காய விடு தம்பி. ஈரம் போனாத்தான் மொறுமொறுப்பு," என்றார். காய வைத்தார்கள். மொறுமொறுப்பு வந்தது. ரூபன் ஒன்றைக் காதருகில் உடைத்துப் பார்த்தான். தினேஸ்வரியும் உடைத்துப் பார்த்தாள். இரண்டு பெரியவர்கள் அடுப்படியில் நின்று சிப்ஸை உடைத்து உடைத்துக் கேட்டார்கள். மஞ்சள் பாக்கெட் எப்படிச் சத்தம் போடும் என்பது இருவருக்கும் மறந்துவிட்டது போலிருந்தது.

முதலில் சரியாக வந்த ஈட்டை மூடி போட்ட டப்பாவில் வைத்து, சூடு ஆறுவதற்குள் ரூபன் ஆஸ்பத்திரிக்கு ஓட்டினான். நர்ஸ் ஒரு கையை மட்டும் அவிழ்த்துவிட்டார். ரூபன் ஒரு முக்கோணத்தை எடுத்துத் தங்கையின் காதருகில் உடைத்தான்.

சத்தமே வரவில்லை. மூடிய டப்பாவுக்குள் சூட்டில் வியர்த்துச் சிப்ஸ் நமத்துப் போயிருந்தது. அடுத்ததை உடைத்தான். அதுவும் வளைந்து கிழிந்தது. ஷாமினி முகத்தைச் சுவர் பக்கம் திருப்பிக்கொண்டாள். அவிழ்த்த கை மெதுவாக மூக்குக் குழாயை நோக்கிப் போனது. நர்ஸ் பிடித்து மறுபடி கட்டினார்.

மாடிப்படியில் உட்கார்ந்து ரூபன் அந்த டப்பாவில் இருந்த அத்தனையையும் தின்றான். பசித்துத் தின்னவில்லை. அதை எங்கே கொண்டுபோய்ப் போடுவது என்று அவனுக்குத் தெரியவில்லை. மேலே ஏறியவர்களும் கீழே இறங்கியவர்களும் அவனைச் சுற்றிக்கொண்டு போனார்கள். வாய் நிறைய நமத்துப்போன சோளத்தோடு அழுதுகொண்டிருந்த அந்த ஆளிடம் யாரும் எதுவும் கேட்கவில்லை.

டாக்டர் சுபாஷினிதான் அதற்கு ஒரு வழி சொன்னார். உடம்பு ஓரளவு நிலைக்கு வந்துவிட்டது. குழாயோடேயே இரண்டு நாள் வீட்டுக்குக் கூட்டிப் போய், பொரித்த கையோடு கொடுத்துப் பார்க்கலாம், தினேஸ்வரிக்குக் குழாயில் பால் ஊற்றப் பழக்கிக் கொடுப்பார்கள். "ஆனா ஒண்ணு. அவ சாப்பிட ஆரம்பிச்சா ரெண்டு மூணுக்கு மேல கொடுக்காதீங்க. இத்தன நாள் காஞ்ச ஒடம்பு, திடீர்னு நெறையப் போனா ஆபத்து. கேட்டாலும் கொடுக்காதீங்க."

"அவ கேட்டாத்தானே, டாக்டர்! கேக்கட்டும் முதல்ல," என்றான் ரூபன்.

அந்தச் சனிக்கிழமை லகாட்டில் நல்ல வெயில். முதல் நாளே தட்டிச் சுட்ட ரொட்டிகளைத் தினேஸ்வரி கொல்லையில் முறத்தில் பரப்பிக் காயவைத்திருந்தாள். ஷாமினி கூடத்து நாற்காலியில், மூக்கில் குழாயும் கையில் உறையுமாகச் சாய்ந்திருந்தாள். ரூபன் எண்ணெயைக் காயவைத்து முக்கோணங்களைப் போட்டான். நுரைத்துப் பொங்கி அடங்கியது. அரித்தெடுத்து உப்பைத் தூவித் திரும்பினால், ஷாமினி அடுப்படி வாசலில் நின்றாள். சுவரைப் பிடித்துக்கொண்டு தானாகவே நடந்து வந்திருந்தாள். மூக்கு விடைத்திருந்தது.

"கைய அவுத்து விடு," என்றான் ரூபன்.

"குழாயப் பிடுங்கிட்டா?"

"அவுத்து விடு தினே."

ஷாமினி தட்டிலிருந்து ஒன்றை எடுத்தாள். சூடு. கீழே போட்டாள். இன்னொன்றை எடுத்து ஓரத்தைப் பிடித்துக் காதருகில் உடைத்தாள். படக் என்றது. அவள் சிரிக்கவில்லை. வெகு நேரம் யோசிப்பவள் போல நின்றாள். எடுத்ததைக் கீழே வைத்துவிட்டு வேறொன்றை எடுத்து உடைத்தாள். பிறகு, உடைந்த துண்டை வாயில் போட்டாள். மென்றாள். விழுங்கினாள். அடுத்ததற்குக் கை நீண்டது.

தினேஸ்வரி வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். மூன்றாவது துண்டு போனது. நான்காவதை எடுத்தபோதுதான் ரூபனுக்கு டாக்டர் சொன்னது நினைவு வந்தது. தட்டை எடுத்து உயரத் தூக்கினான்.

ஷாமினி அலறினாள். எலும்பாய்க் கிடந்த அந்த உடம்பில் அவ்வளவு பலம் எங்கே இருந்ததோ. அவன் கையைப் பிடித்து இழுத்து முழங்கைக்குக் கீழே பல் பதியக் கடித்தாள். ரூபன் கையை உதறவில்லை. "கடிச்சுக்க. கடிச்சுக்கமா. நாளைக்குத் தாரேன். சத்தியமா தாரேன்," என்று திரும்பத் திரும்பச் சொன்னான். இத்தனை நாள் சாப்பிடமாட்டாளா என்று கெஞ்சியவன், சாப்பிட வந்தவளின் கைக்கு எட்டாமல் தட்டைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றான். தினேஸ்வரி மைலோவைக் கலக்கிக் கொண்டு வந்தாள். சிப்ஸ் முடிந்தது, இனி மைலோ. ஷாமினி தேம்பிக்கொண்டே கோப்பையைப் பார்த்தாள். வாங்கி இரண்டு வாய் குடித்தாள்.

குழாயை எடுப்பதற்கு மேலும் பல வாரம் ஆனது. எல்லா நாளும் அவள் சாப்பிட்டுவிடவில்லை. தடிப்பு கொஞ்சம் கூடினால் எறிவாள். மழைக்காலத்தில் ரொட்டி காயாமல் மூன்று ஈடு தொடர்ந்து வீணாகும். ஒரு முறை கிரைண்டர் கெட்டுப்போய், அம்மியில் அரைத்து, அவள் அதைத் தொடாமல் இரண்டு நாள் கிடந்தபோது ரூபன் மறுபடி ஆஸ்பத்திரிக்குத் துணி எடுத்துவைத்தான். பழைய எடை இன்னும் வரவில்லை. ரூபனுக்கு முதலாளி பக்கத்து ஊர்களுக்கு மட்டும் ஓடும் வேலையைத் திருப்பிக் கொடுத்தார். சாயங்காலம் வந்ததும் சோளத்தை வேகவைப்பான். தினேஸ்வரி காலையில் தட்டிக் காயவைப்பாள். இருவரும் சேர்ந்து ஒரு கல்யாணத்துக்குப் போய் வெகு காலம் ஆகிறது. சாலையில் லோரி ஏதாவது குறுக்கே வந்தால் ரூபனுக்கு முதலில் வருகிற நினைப்பு, எனக்கு ஏதாவது ஆனால் இவளுக்கு யார் ரொட்டி தட்டுவது என்பதுதான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஷாமினி எறியாமல் விட்ட ஒரு தட்டு மிஞ்சியது. தினேஸ்வரி தக்காளியும் பச்சை மிளகாயும் வெங்காயமும் பொடியாக நறுக்கி எலுமிச்சை பிழிந்து கொண்டுவந்து வைத்தாள். சதாசிவம் சொல்லிக் கொடுத்தது. ரூபன் வேண்டாவெறுப்பாக ஒன்றைத் தொட்டு வாயில் வைத்தான். மொறுமொறுப்பு, உப்பு, பிறகு சோளத்தின் இனிப்பு, மேலே புளிப்பும் காரமும். இன்னொன்று எடுத்தான்.

"பாத்தியா, நல்லாத்தான்லா இருக்கு," என்றான்.

"இத்தன வருசம் வித்தீங்க. இப்பத்தான் தெரியுதா?"

டாக்டர் சுபாஷினி அடுத்த சந்திப்பில், இதையே வழியாக வைத்துச் சத்தைக் கொஞ்சம் கூட்டலாமே என்றார். ரூபன் பாசிப்பருப்பை வேகவைத்து மாவோடு ஒரு கரண்டி கலந்தான். ஷாமினி முதல் துண்டிலேயே கண்டுபிடித்தாள். தட்டு சுவரில் மோதியது. அந்த நாள் முழுக்க அவன் சாப்பிடவில்லை. அடுத்த வாரம் ஒரு தேக்கரண்டி. அதற்கும் தலையைத் திருப்பினாள். அதற்கடுத்த வாரம் தினேஸ்வரி அரைத் தேக்கரண்டிதான் போட்டாள். ஷாமினி இரண்டு பேரையும் ஒரு முறை சந்தேகமாகப் பார்த்தாள். பிறகு தட்டைக் காலி செய்துவிட்டு மைலோவுக்குக் கை நீட்டினாள்.

"அடுத்த வாரம் முக்கால் போடுவமா?" என்று கேட்டான் ரூபன்.

"அவசரப்படாதீங்க," என்றாள் தினேஸ்வரி. "இந்த அரையே ஒரு மாசம் ஓடட்டும்."